ஒரு தடவை மலையேறி வாருங்கள்

இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் நிர்வாகிகளுக்கும், தேசிய அணிகளின் தெரிவுக்குழுவினருக்கும், விளையாட்டுத்துறை அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது அதே பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்ததும் எல்லோரும் கிரவுண்டில் கூடிவிடுவோம். இருட்டும் வரைக்கும் புட்போல்தான். பதினைந்து வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

போன மாதம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சேர், நாம எப்பயாச்சும் புட்போல்ல கப் தூக்கியிருக்கோமா?" தூக்கியிருக்கோம் என்றேன். அவன் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் நம்பவில்லை. சேர் நம்மைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

1995ஆம் ஆண்டு மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் கொழும்பில் தென்னாசியத் தங்கக் கிண்ணப் போட்டி நடந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு லாகூரில் நடந்த முதல் தொடரில் இந்தியா முதலிடம், நாம் இரண்டாமிடம். கொழும்பு இறுதிப் போட்டியிலும் அதே இந்தியாதான் எதிரே நின்றது. முழு நேரமும் ஓடி முடிந்தது, கோல் இல்லை. மேலதிக நேரத்தில் யார் முதல் கோல் போடுகிறார்களோ அவர்களே வென்றவர்கள் என்ற தங்க கோல் விதி அந்தக் காலத்தில் இருந்தது. அந்த ஒரு கோலை நாம் போட்டோம். சொந்த மண்ணில், சொந்தச் சனத்துக்கு முன்னால் இலங்கை தென்னாசியச் சம்பியன் ஆனது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த மார்ச்சில் லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றோம். நாடே கிரிக்கெட் பக்கம் திரும்பிவிட்டது. அதில் எனக்குக் கோபம் இல்லை, நானும் சேர்ந்துதான் கத்தினேன். ஆனால் ஒரு வருடத்துக்கு முன் வென்ற கிண்ணத்தை இவ்வளவு சுத்தமாக மறந்திருக்க வேண்டியதில்லை. இன்று அது ஒரு பாடப்புத்தகத்தில்கூட என் கண்ணில் பட்டதில்லை. அப்புறம் 2008இல் தென்னாசியப் போட்டியை மாலைதீவோடு சேர்ந்து நடத்தினோம். இறுதிப் போட்டி கொழும்பில். நம் மைதானத்தில் கிண்ணத்தைத் தூக்கியது மாலைதீவு. 2021 நவம்பரில் கொழும்பில் நாம் நடத்திய நான்கு நாட்டுப் போட்டியில் இறுதிவரை வந்து, பெனால்டி உதையில் சீஷெல்ஸிடம் தோற்றோம். உலகத் தரவரிசையில் இருநூறைத் தாண்டிய இடத்தில் பல வருடங்கள் கிடந்திருக்கிறோம். 2023 ஜனவரியில் பிபா நம்மை இடைநிறுத்தி, அந்த ஓகஸ்டில் தடையை நீக்கியது. அந்தப் பிணக்குகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரிந்தது மலை. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் ஒரு இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1998 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. இங்கே நேரம் நள்ளிரவு தாண்டி ஒரு மணி. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அப்போது கரண்ட் இல்லை. பெரியப்பா வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டீவி இருந்தது, கார் பெட்டரியில் ஓடும். பெட்டரியை மஸ்கெலியா டவுனுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சார்ஜ் பண்ணிக் கொண்டுவர வேண்டும். அந்த வாரம் முழுக்க யாரும் டீவியைத் தொடக்கூடாது என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஃபைனலுக்குப் பெட்டரி மிச்சம் இருக்க வேண்டுமே. ஜூலை மாதம் எங்கள் பக்கத்தில் மழையும் காற்றும் எப்படி அடிக்கும் என்று உங்களில் யாராவது வந்து பார்த்திருந்தால் தெரியும். அன்டெனாவை மூங்கிலில் கட்டியிருந்தோம். காற்றில் அது திரும்பிக்கொண்டே இருந்ததால் ஆள் மாற்றி ஆள் வெளியே போய்ச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு காம்பிராவுக்குள், அந்த லயத்து அறைக்குள், முப்பது பேராவது இருந்திருப்போம். எல்லோரும் பிரேசில் பக்கம். நானும்தான்.

இருபத்தேழாவது நிமிடம் கோர்னர் உதை. பிரான்ஸின் ஜிடேன் எழும்பித் தலையால் முட்டினார். இடைவேளைக்குச் சற்று முன் இன்னொரு கோர்னர், மறுபடியும் ஜிடேனின் தலை. காம்பிரா அமைதியாகிவிட்டது. இரண்டாம் பாதியில் பிரான்ஸின் தெசாயி சிவப்பு அட்டை வாங்கிப் போக, பத்துப் பேராக நின்று விளையாடினார்கள். அந்த நேரம் பெட்டரி இறங்கத் தொடங்கியது. பழைய டீவியில் பெட்டரி இறங்கினால் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். மூன்றாவது கோலை, விய்யெரா கொடுத்த பந்தை பெத்தி போட்டதை, உள்ளங்கை அளவு படத்தில் பார்த்தோம். பிரேசில் தோற்றதற்கு அழுத பையன்கள் இருந்தார்கள். அம்மா மட்டும் சுவரோரம் சாய்ந்தபடி, "போதும், போய் படுங்க, விடிஞ்சா பெரட்டு" என்றார். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம். அவருக்கு விடிந்தால் திங்கட்கிழமை. மழையென்றாலும் கொழுந்துக்குப் போக வேண்டும்.

சில நாள் கழித்துத்தான் பத்திரிகையில் அந்த அணியைப் பற்றிப் படித்தேன். அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன், இன்றுவரை படிக்கிறேன். ஜிடேனின் அப்பா அல்ஜீரியாவின் கபிலியா மலைக்காரர். 1953இல் பிழைப்புத் தேடிக் கப்பலேறி, பாரிஸுக்குப் பக்கத்தில் சென் தெனி என்ற இடத்தில் கட்டட வேலை செய்தார். மகன் இரண்டு கோல் போட்ட மைதானம் பிற்காலத்தில் அதே சென் தெனியில்தான் எழும்பியது. அப்பா கல்லும் மண்ணும் சுமந்த ஊரிலேயே மகன் கிண்ணம் தூக்கினான். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பா நினைவுக்கு வந்தார். தோட்டத்தில் ரோட்டு வெட்டுகிற வேலையில் அவர் முதுகு வளைந்தது.

அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக பிரான்ஸின் இரண்டு கோலையும் போட்டவர் லிலியன் துராம். தடுப்பாட்டக்காரர். நாட்டுக்காக 142 போட்டி ஆடியவர் வாழ்க்கை முழுவதும் போட்டது அந்த இரண்டு கோல்தான். அவர் பிறந்தது குவாதலூப் என்ற கரும்புத் தீவில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எங்கள் மொழி பேசிய ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப்போன தீவு அது. எங்கள் பாட்டன்மார் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த அதே காலம். அவர்களுக்குக் கரும்பு, எங்களுக்கு முதலில் கோப்பி, பிறகு தேயிலை. துராமின் முன்னோர் ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியோடு கொண்டுவரப்பட்டவர்கள். ஒன்பது வயதில் பாரிஸ் பக்கம் வந்தார். அம்மா வீடுகளைத் துப்புரவு செய்யும் வேலை பார்த்துப் பிள்ளைகளைத் தனியே வளர்த்தார்.

அதே அணியில் கரம்பு என்றொருவர், பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவைச் சேர்ந்தவர். 1931இல் பாரிஸில் பெரிய காலனியக் கண்காட்சி நடந்தபோது அவருடைய பூட்டனாரை மிருகக்காட்சி போலக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். விய்யெரா பிறந்தது செனகலில், தெசாயி பிறந்தது கானாவில். 1996இல் லெ பென் என்ற அரசியல்வாதி, வெளியாட்களைக் கொண்டுவந்து பிரெஞ்சு அணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பேசியிருந்தார். இரண்டு வருடத்தில் அதே ஆட்கள் பாரிஸின் பெரிய வீதியை இலட்சக்கணக்கான சனத்தால் நிரப்பினார்கள்.

அந்தக் கிண்ணம் பிரான்ஸின் பிரச்சினைகளைத் தீர்த்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஏழு வருடம் கழித்து பாரிஸின் புறநகர்களில் கார்கள் எரிந்ததையும் படித்திருக்கிறேன். ஒரு கிண்ணத்தால் அதெல்லாம் ஆகாது. ஆனால் அன்றிரவு ஒரு நாடு தன் பிள்ளைகள் யார் என்று கண்ணால் பார்த்தது.

எங்கள் வீட்டுக் கதையையும் இதோடு சொல்ல வேண்டும். 1995இல் இலங்கை அந்தத் தங்கக் கிண்ணத்தை வென்ற அன்று எங்கள் அப்பாயி இந்த நாட்டின் பிரஜை இல்லை. இங்கே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர். 1948 சட்டம் பறித்த குடியுரிமை 2003இல் வந்த சட்டத்தில்தான் அவர் கைக்கு வந்தது. 1998 இரவில் அவரும் அந்தக் காம்பிராவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜிடேனின் அப்பா கதையைப் பத்திரிகையிலிருந்து வாசித்துக் காட்டியபோது, "அந்தப் பெத்தவனுக்குக் கண்ணு நெறைஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

சொந்த நாட்டில் நடந்தால் வென்றுவிடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. உலகக் கிண்ணத்தில் 1930 உருகுவே, 1934 இத்தாலி, 1966 இங்கிலாந்து, 1974 மேற்கு ஜேர்மனி, 1978 ஆர்ஜென்டினா, 1998 பிரான்ஸ் என்று ஆறு நாடுகள்தான் சொந்த மண்ணில் வென்றிருக்கின்றன. அதற்குப் பிறகு 2022 வரை ஒன்றும் இல்லை. 2022இல் கட்டார் எவ்வளவு பெரிய மைதானங்களைக் கட்டியது! விளையாடிய மூன்று போட்டியிலும் தோற்றது. பிரான்ஸும் 1990, 1994 இரண்டு உலகக் கிண்ணத்துக்கும் தகுதி பெறவில்லை. 1993 நவம்பரில் பல்கேரியாவிடம் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கித்தான் வெளியே போனது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1970களிலிருந்தே, தொழில்முறைக் கழகங்கள் இளம் பிள்ளைகளுக்குப் பயிற்சி நிலையம் நடத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருந்தார்கள். 1988இல் கிளேர்போந்தேனில் தேசியப் பயிற்சி நிலையத்தைத் திறந்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, வார நாளில் படிப்பும் பயிற்சியும், சனி ஞாயிறில் சொந்தக் கழகத்துக்கு விளையாட்டு என்று வளர்த்தார்கள். தேடிப் போனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். பிள்ளைகள் தங்களைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

நீங்களும் தேடுவதில்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது தேசிய அணியில் ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் ஆடுகிறார்கள். அவர்கள் வந்த பிறகு அணி மேம்பட்டிருக்கிறது. அவர்களை நான் மனதார வரவேற்கிறேன். அவ்வளவு கடல் தாண்டிப் போய் ஒரு பையனின் பாட்டி எந்த ஊர் என்று கேட்டுக் கடவுச்சீட்டு எடுத்துக் கொடுக்க உங்களால் முடிகிறது. ஹட்டனுக்கு வர பஸ்ஸில் நான்கைந்து மணித்தியாலம்தான் ஆகும்.

இனி எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். இடது கால்காரன். மேடும் பள்ளமுமான எங்கள் கிரவுண்டில் பந்து எங்கே துள்ளும் என்று மற்றவர்களுக்குப் பந்து துள்ளிய பிறகுதான் தெரியும், அவனுக்கு முன்பே தெரியும். பாடசாலைப் போட்டியொன்றில் அவனைப் பார்த்த ஒருவர் பெயரை எழுதிக்கொண்டு போனார். கொழும்பில் ஒரு தெரிவுக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்தது. எங்கள் லயங்களுக்குத் தனி விலாசம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவுதான். கடிதமெல்லாம் தோட்டத்து ஒபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. அந்தக் கடிதம் அவன் கைக்கு வந்தபோது தெரிவு முடிந்து மூன்று நாள். அவன் அம்மா கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து, "சேர், இத மறுபடி வைக்கச் சொல்லி எழுத முடியாதா?" என்று கேட்டார். எழுதினேன். பதில் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதியதும் பையன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். தீபாவளிக்கு வருவான். கிரவுண்டுக்கு வந்து ஓரமாக நிற்பான். வா விளையாடு என்றால் சப்பாத்து இல்லை சேர் என்பான். முன்பு அவன் சப்பாத்தே போட்டதில்லை.

அந்தக் கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும் சுலபமாக இருந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையனைத் தனியே அனுப்ப முடியாது. அம்மாவோ அப்பாவோ கூடப் போனால் இரண்டு நாள் பேர் போய்விடும், அதாவது இரண்டு நாள் சம்பளம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல்தான். போக்குவரத்து, சாப்பாடு, இரவு தங்க ஒரு இடம். கொழும்பில் தெரிவு வைப்பது உங்களுக்கு ஒரு நாள் வேலை. எங்கள் பிள்ளைக்கு அது ஒரு குடும்பத்தின் அரை மாதச் சாமான்.

அடுத்தது கிரவுண்ட்.

எங்கள் கிரவுண்ட் ஒரு பக்கம் சரிவு. கீழ்ப் பக்கம் பந்து போனால் தேயிலைக்குள் உருண்டு ஓடை வரைக்கும் போகும். அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் கீழே இரண்டு சின்னப் பையன்களைப் பந்து பிடிக்க நிறுத்துவோம், விளையாடுவதற்கு அடுத்தபடியாக எல்லோரும் ஆசைப்படும் இடம் அது. சில வருடங்களுக்கு முன் பெரிய மழையில் கீழ்ப் பக்கக் கோல் கம்பத்தோடு ஒரு துண்டு மண் சரிந்து போய்விட்டது. ஒரு அணைச்சுவர் கட்டி, மண் நிரப்பித் தாருங்கள் என்று கேட்கப் போனோம். தோட்டத்தில் கேட்டோம், கம்பனியின் தலைமைக் காரியாலயம் சொல்ல வேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் கேட்டோம், அது தோட்டக் காணி, நாங்கள் காசு போட முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் காணி உறுதி கேட்டார்கள். தோட்டக் காணி அரசாங்கத்துடையது, கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது 1992இல். எங்கள் பெயரில் ஒரு பேர்ச் இல்லாத ஊரில் காணி உறுதிக்கு நான் எங்கே போவேன்? பிரதேச சபைகள் தோட்டங்களுக்கும் வேலை செய்யலாம் என்று 2018இல் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. மஸ்கெலியாவுக்கென்றே தனிப் பிரதேச சபையும் வந்துவிட்டது. ஆனாலும் கையெழுத்து வைக்க வேண்டிய மூன்று பேர் ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை. அவர்களை உட்கார வைக்க அமைச்சால் முடியும். சம்மேளனம் ஒரு கடிதம் எழுதினாலே பாதி வேலை முடியும்.

மலையில் மைதானம் போட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். தரவளையிலும் ராதெல்லையிலும் போய்ப் பாருங்கள். வெள்ளைக்காரத் தொரைமார் ஓய்வு நாளில் கிரிக்கெட்டும் ரக்பியும் விளையாட மலையைச் சமப்படுத்தினார்கள். இன்றும் அவை பச்சைப் பசேலென்று இருக்கின்றன. வெட்டியது யார் கை, மண் சுமந்தது யார் தலை என்று எங்கள் சனத்துக்குத் தெரியும்.

முரளியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். முரளி கண்டியில் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். அங்கே நல்ல மைதானம் இருந்தது. வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பையனைச் சுழல் போட்டுப் பார் என்று சொல்ல ஒரு பயிற்றுவிப்பாளர் இருந்தார். 800 டெஸ்ட் விக்கெட் அப்படித்தான் தொடங்கியது. அதே பையன் பொகவந்தலாவையில் ஏதாவது ஒரு டிவிஷனில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த யோசனை வரும், தூக்கம் கெடும்.

பிரான்ஸ் பணக்கார நாடு, நம்மால் அது முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். சரி, பங்களாதேஷைப் பாருங்கள். 2021 டிசம்பரில் தென்னாசியாவின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிண்ணப் போட்டியை டாக்காவில் நடத்தி, இறுதிப் போட்டியில் இந்தியாவை 1-0 என்று வென்றது பங்களாதேஷ். அந்தக் கோலைப் போட்டவர் ஆனாய் மொகினி. ககராச்சாரி மலை மாவட்டத்துப் பெண். அடுத்த வருடம் காத்மாண்டுவில் நேபாளத்தை வென்று பெண்களுக்கான தென்னாசியக் கிண்ணத்தையே எடுத்தார்கள். 2024இல் மறுபடியும் எடுத்தார்கள். இரண்டிலும் சிறந்த கோல் காப்பாளர் ருப்னா சக்மா. 2024 இறுதியில் வெற்றிக் கோலைப் போட்டவர் ரிது பொர்ணா சக்மா. இருவரும் ரங்காமாட்டி மலைக்காரர்கள். அந்த நாட்டில் பெரும்பான்மை பேசாத மொழி பேசுகிற, பெரும்பான்மை கும்பிடாத சாமியைக் கும்பிடுகிற மலைச் சனத்தின் பிள்ளைகள். 2022 வெற்றிக்குப் பிறகு ருப்னாவின் இடிந்துபோன சின்ன வீட்டின் படம் பத்திரிகைகளில் வந்தது. அவருக்கு வீடு கட்டிக் கொடுக்க அரசு உத்தரவிட்டது. எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைப் போனில் காட்டினேன். ஒரு சிறுமி, "சேர், நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்றாள்.

அந்தப் பெண்கள் எப்படி வந்தார்கள்? 2011இல் அங்கே ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்கென்று நாடு முழுக்க ஒரு புட்போல் போட்டி தொடங்கினார்கள். எல்லைப் பக்கம் காரோ மலையடிவாரத்தில் கல்சிந்தூர் என்றொரு கிராமம். அந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரு கூட்டம் தேசிய அணிக்குப் போனது. 2025இல் பங்களாதேஷ் பெண்கள் முதல் தடவையாக ஆசியக் கிண்ணத்துக்கே தகுதி பெற்றார்கள். மியன்மாருக்கு எதிராக இரண்டு கோலையும் போட்டவர் அதே ரிது பொர்ணா. பாடசாலை, ஆசிரியர், ஒரு பந்து, வருடா வருடம் தவறாமல் ஒரு போட்டி. இதில் நம்மால் முடியாதது எது?

என்னிடம் இப்போது பதினொரு சிறுமிகள் வருகிறார்கள். முதலில் மூன்று பேர்தான் வந்தார்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சேர்" என்று கேட்ட தாய்மாரே இப்போது கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள். காலையில் நாலு மணிக்கு எழும்பி, மலை ஏறி, கொழுந்து சுமந்து, தராசில் நிறுத்துவிட்டு வந்த கால்களோடு நிற்கிறார்கள். அந்தக் கால்களின் பிள்ளைகள்தான் இந்தச் சிறுமிகள். பாடசாலைக்கே தினமும் ஒரு மணித்தியாலம் ஏறி இறங்குகிறார்கள். மூச்சு வாங்குவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

நான் கேட்பது பெரிதாக இல்லை. வருடத்தில் ஒரு தடவை, வயதுப் பிரிவு அணிகளுக்கான தெரிவை மலையில் வையுங்கள். ஹட்டனில் டன்பார் மைதானம் இருக்கிறது, நோர்வூட்டில் தொண்டமான் மைதானம் இருக்கிறது. நுவரெலியா, பதுளை, மாத்தளை, இரத்தினபுரி என்று தோட்டப் பிள்ளைகள் இருக்கும் மாவட்டங்களுக்கு முறை வைத்துப் போகலாம். அறிவித்தலை லயத்து விலாசத்துக்கு அனுப்பாமல் பாடசாலை அதிபருக்கு அனுப்புங்கள், தமிழில் அனுப்புங்கள். பையன்களுக்குத் தருகிற அதே நாளைச் சிறுமிகளுக்கும் தாருங்கள். தெரிவாகும் பிள்ளைக்கும் கூட வரும் ஒருவருக்கும் பஸ் காசு கொடுங்கள். எங்களைப் போல் பழக்கிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்றுவிப்பாளர் வகுப்பை ஹட்டனில் தமிழில் நடத்துங்கள். சனி ஞாயிறில் வைத்தால் நடந்தாவது வருவோம். அந்தக் கிரவுண்ட் விஷயத்துக்கு மூன்று பேரை ஒரு மேசைக்குக் கூப்பிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் பிள்ளைகள் தேசிய அணிக்கு ஆடியதை நாங்கள் பெருமையோடு பார்த்தோம். அங்கே ஊருக்கு ஊர் கழகம் இருக்கிறது, தேவாலயத்துக்குப் பக்கத்தில் மைதானம் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டங்களுக்கிடையே அணிக்கு ஏழு பேர் வைத்துப் போட்டி நடக்கும். பரிசு ஒரு கிண்ணமும் ஒரு கிடாயும். ஆயிரம் பேர் மலைச்சரிவில் குந்தியிருந்து பார்ப்பார்கள். அந்த ஆயிரம் பேரில் உங்கள் ஆள் ஒருவர்கூட இருந்ததில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் பக்கத்தில் மழை குறைவு. சிவனொளிபாத மலை சீசன் நேரம், ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். இலட்சக்கணக்கான சனம் மஸ்கெலியாவைத் தாண்டித்தான் போகிறது. நீங்களும் அதே பஸ்ஸில் ஏறி டவுனில் இறங்குங்கள். ஆட்டோக்காரர் யாரிடமும் புட்போல் சேர் என்று கேட்டால் கொண்டுவந்து விடுவார். சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தொடங்குவோம். மேல்ப் பக்கக் கோல் கம்பம் மூங்கில்தான், ஆனால் உறுதியானது. கீழ்ப் பக்கம் இரண்டு கல் வைத்திருக்கிறோம். வலை இல்லை. வரும்போது ஒரு வலை கொண்டுவந்தால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள்.

இப்படிக்கு,
மஸ்கெலியாவிலிருந்து ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர்